73 பந்தில் வெளியே எடுக்கப்பட்ட ஸ்னெல்: அந்த முடிவை மறுபடி பிரித்துப் பார்க்கிறேன்

மேனேஜர் கெவின் கேஷ் படியேறி மைதானத்துக்குள் வருவதைப் பார்த்ததும் அவருடைய பிட்சர் (பந்து எறிபவர்) பிளேக் ஸ்னெல் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். சத்தம் கேட்கவில்லை, உதட்டசைவே போதுமாக இருந்தது. 2020 அக்டோபர் 27, டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன், குளோப் லைஃப் ஃபீல்ட், அமெரிக்க பேஸ்பாலின் கோப்பையைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ், ஒரு அவுட். இவர்களுடைய அணியான டாம்பா பே ரேஸ் 1-0 என்று முன்னால் இருந்தது. ஸ்னெல் அதுவரை எறிந்தது 73 பந்து, சந்தித்தது 18 பேர், விட்டது இரண்டே ஹிட் (பேட்ஸ்மேன் அடித்து பேஸைப் பிடிப்பது), வாக் (தப்புப் பந்துகளால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) ஒன்றுகூட இல்லை, ஒன்பது ஸ்ட்ரைக்அவுட் (பந்தை ஆட்டத்துக்குள் அடிக்க முடியாமலே அவுட்). கேஷ் கையை நீட்டினார், ஸ்னெல் பந்தைக் கொடுத்துவிட்டு நடந்தார், புல்பென்னிலிருந்து (மாற்றுப் பிட்சர்கள் தயாராகும் இடம்) நிக் ஆண்டர்சன் வந்தார். அவர் வந்த வேகத்தில் ஆட்டம் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் பக்கம் 2-1 என்று புரண்டுவிட்டது. கடைசியில் 3-1. தொடர் 4-2. 1988-க்குப் பிறகு டாட்ஜர்ஸுக்குக் கிடைத்த முதல் கோப்பை.

நமக்கு அது 28-ஆம் தேதி காலை. ஐந்தரைக்கு எழுந்து பார்த்துக்கொண்டிருந்த என் காபி அந்த மாற்றத்தின்போது ஆறிப்போனது, நான் ஸ்னெல்லைவிட மோசமான வார்த்தைதான் சொல்லியிருப்பேன். ஆனால் வருடங்கள் போகப் போக, "அந்த முடிவு முட்டாள்தனம், கம்ப்யூட்டர் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது" என்று ஒரே வரியில் முடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. "முடிவு சரி, பலன்தான் தப்பு" என்று கணக்குக் காட்டுபவர்களோடும் ஒத்துப்போகவில்லை. அன்று தப்பு நடந்தது உண்மை. எல்லாரும் கைகாட்டும் இடத்தில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

கிரிக்கெட் வழியாக இந்த ஆட்டத்துக்குள் வந்தவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒருநாள் கிரிக்கெட்டில் பும்ராவை நான்கு ஓவரோடு நிறுத்திவிட்டு, கடைசியில் மறுபடி கூப்பிடலாம். பேஸ்பாலில் ஒருவரை ஆட்டத்திலிருந்து எடுத்தால் எடுத்ததுதான், அன்றைக்குத் திரும்பி வர முடியாது. அதனால்தான் இந்த ஒரு முடிவைப் பற்றி ரசிகர்கள் ஆயுசுக்கும் சண்டை போடுகிறார்கள்.

அன்று நடந்தது

முதல் இன்னிங்ஸிலேயே ராண்டி அரோசரேனா ஒரு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அந்த பிளேஆஃப்ஸில் அது அவருடைய பத்தாவது, ஒரே பிளேஆஃப்ஸில் யாரும் அவ்வளவு அடித்ததில்லை. ரேஸுக்கு அன்று கிடைத்த ரன் அது ஒன்றுதான். ஸ்னெல்லைப் பற்றிய சண்டையில் இது எப்போதும் காணாமல் போய்விடுகிறது: ஒரு ரன்னை வைத்துக்கொண்டு ஒன்பது இன்னிங்ஸ் காப்பாற்ற வேண்டிய நிலையில் அவரை நிறுத்தியவர்கள் சொந்த பேட்ஸ்மேன்கள்.

ஸ்னெல் அன்று எறிந்த விதம் வேறு மாதிரி. டாட்ஜர்ஸ் வரிசையின் முதல் மூன்று பேர் முக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர். மூன்று பேரும் ஸ்னெல்லிடம் இரண்டு இரண்டு முறை வந்தார்கள், ஆறு முறையும் ஸ்ட்ரைக்அவுட். சீகர் அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது இன்னிங்ஸில் பொல்லாக் மேலே தூக்கி அவுட்டானார், ஒன்பதாவது ஆளான ஆஸ்டின் பார்ன்ஸ் நடு மைதானத்துக்கு ஒரு சிங்கிள் தட்டினார். அடுத்து பெட்ஸ், மூன்றாவது முறையாக. அங்கேதான் கேஷ் வந்தார்.

ஆண்டர்சனிடம் பெட்ஸ் இடதுபக்கக் கோட்டை ஒட்டி ஒரு டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகவைக்கும் அடி) அடித்தார், பார்ன்ஸ் மூன்றாவது பேஸுக்குப் போனார். பிறகு ஒரு பந்து கேட்சரை (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) தாண்டி ஓட, பார்ன்ஸ் ஹோமுக்கு, அதாவது ரன் கிடைக்கும் கடைசி பேஸுக்கு, வந்து சேர்ந்தார், 1-1, பெட்ஸ் மூன்றாவது பேஸில். சீகர் முதல் பேஸில் நின்ற ஜி-மான் சோய் பக்கம் ஒரு தரைப்பந்து உருட்டினார், சோய் உடனே ஹோமுக்கு எறிந்தார், பெட்ஸ் முந்திவிட்டார். 2-1. எட்டாவதில் பீட் ஃபேர்பேங்க்ஸிடம் பெட்ஸ் அடித்த ஹோம் ரன் மேல்மிச்சம். ஆட்டம் முடிந்ததும் பெட்ஸும் டாட்ஜர்ஸ் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸும், ஸ்னெல் போனதில் தங்களுக்குச் சந்தோஷம் என்பதை மறைக்கவே இல்லை. எதிரணி நிம்மதிப் பெருமூச்சு விட்டது என்றால் அது தப்பான முடிவுதான் என்று நிறைய பேர் இதை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் எந்தப் பிட்சரையும் எப்போதும் எடுக்கவே முடியாது, நன்றாக எறிகிறவன் போனால் எந்த எதிரணிதான் அழும்?

கேஷ் சொன்ன காரணம்

பெட்ஸும் சீகரும் ஸ்னெல்லை மூன்றாவது முறை பார்ப்பதைத் தான் விரும்பவில்லை என்றார். இதன் பின்னால் ஒரு முழு விஞ்ஞானமே இருக்கிறது. ஒரு பேட்ஸ்மேன் ஒரே பிட்சரை ஒரே நாளில் எத்தனை முறை பார்க்கிறாரோ அவ்வளவுக்கு அவர் கை ஓங்குகிறது. முதல் முறையைவிட இரண்டாவது, இரண்டாவதைவிட மூன்றாவது. பிட்சரின் களைப்பு அதில் ஒரு பகுதிதான். பந்து கையை விட்டு எந்த உயரத்தில் வருகிறது, ஸ்லைடர் (பக்கவாட்டில் விலகும் பந்து) எங்கே உடைகிறது என்பதெல்லாம் கண்ணுக்குப் பழகிவிடுவது இன்னொரு பகுதி. இது பெரிய பிட்சர்களுக்கும் நடக்கிறது. இன்னொன்று, இதை ஏற்றுக்கொள்ளத்தான் ரசிகனுக்குக் கஷ்டம்: முதல் ஐந்து இன்னிங்ஸ் அற்புதமாக எறிந்தார் என்பது ஆறாவதில் என்ன நடக்கும் என்பதைப் பற்றி நாம் நினைக்கிற அளவுக்கு எதையும் சொல்வதில்லை. "இன்றைக்கு அவன் கை நல்ல கை" என்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது. எண்களில் அது மிக மெல்லிசாகத்தான் விழுகிறது.

அத்தோடு ஸ்னெல்லின் சொந்தக் கணக்கு ஒன்று. 2020-இல் அவர் ஆறு இன்னிங்ஸை முழுதாக முடித்த ஆட்டம் ஒன்றுகூட இல்லை. சீசன் முழுக்க ரேஸ் அவரை இப்படித்தான் பயன்படுத்தியது, அப்படித்தான் 60 ஆட்டத்தில் 40 ஜெயித்தது. அதைவிட முக்கியமானது அக்டோபர் 17 அன்று நடந்தது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு எதிராக, அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். சார்லி மார்ட்டன் 66 பந்தில் இரண்டே ஹிட் கொடுத்து, ரன் எதுவும் விடாமல் எறிந்துகொண்டிருந்தார். ஆறாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட், இரண்டு பேர் பேஸில். கேஷ் வந்து மார்ட்டனை எடுத்தார். உள்ளே கொண்டுவந்தது யாரை? இதே நிக் ஆண்டர்சனை. அந்த இன்னிங்ஸ் தப்பித்தது, ரேஸ் 4-2 என்று ஜெயித்து உலகத் தொடருக்கு வந்தது. அன்று யாரும் கேஷைத் திட்டவில்லை. தைரியசாலி என்றார்கள். பத்து நாள் கழித்து அதே ஆள் அதே இன்னிங்ஸில் அதே ரிலீவரை (மாற்றுப் பிட்சரை) கூப்பிட்டபோது கோழையாகிவிட்டார்.

என் நண்பன் ஒருவன், தீவிர டாட்ஜர்ஸ் ரசிகன், இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான். "மார்ட்டன் வேற, ஸ்னெல் வேற" என்பான். சரி, அப்படியானால் அவனுடைய அணியையே எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 25, ஐந்தாவது ஆட்டம். கிளேட்டன் கெர்ஷா ஆறாவது இன்னிங்ஸில் இரண்டே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்கினார், மொத்தம் 85 பந்து, பேஸில் யாரும் இல்லை. ராபர்ட்ஸ் எழுந்து வந்து அவரை எடுத்தார். மைதானத்திலிருந்த டாட்ஜர்ஸ் ரசிகர்கள் ராபர்ட்ஸைக் கூச்சல் போட்டு விரட்டாத குறை. டஸ்டின் மே உள்ளே வந்து காப்பாற்றினார், டாட்ஜர்ஸ் 4-2 என்று ஜெயித்தது, கூச்சலை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ராபர்ட்ஸுக்கும் ஒரு பழைய காயம் இருந்தது. முந்தின வருஷம் வாஷிங்டனுக்கு எதிராக, இதே கெர்ஷாவை எட்டாவது இன்னிங்ஸிலும் விட்டுவைத்து, ரெண்டனும் சோட்டோவும் அடுத்தடுத்த பந்துகளில் ஹோம் ரன் அடித்து, அந்தத் தொடரே போனது.

மேனேஜர்களைத் தூங்கவிடாத கதைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான், எடுக்காமல் விட்ட கதைகள். 2003-இல் பாஸ்டனின் கிரேடி லிட்டில், யாங்கீஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 5-2 முன்னிலையில், எட்டாவது இன்னிங்ஸில் தள்ளாடிக்கொண்டிருந்த பெட்ரோ மார்ட்டினஸிடம் போய்ப் பேசிவிட்டு, அவரையே விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். ஆட்டம் சமமானது, ஆரன் பூன் பதினொன்றாவதில் முடித்துவைத்தார், லிட்டிலின் வேலையும் அதோடு போனது. 2015-இல் நியூயார்க் மெட்ஸின் மாட் ஹார்வி எட்டு இன்னிங்ஸ் ரன் விடாமல் எறிந்துவிட்டு ஒன்பதாவதும் நான்தான் என்று அடம்பிடித்தார், டெர்ரி காலின்ஸ் மனமிளகி விட்டுக்கொடுத்தார், கான்சாஸ் சிட்டி அதே இன்னிங்ஸில் சமன்செய்து பன்னிரண்டாவதில் கோப்பையைத் தூக்கியது. நெஞ்சைக் கேட்டு முடிவெடுத்து நாசமானவர்கள் பட்டியல் இப்படி நீளம். கணக்கைக் கேட்டு நாசமானவர் என்று எல்லாருக்கும் சட்டென்று ஞாபகம் வருவது கேஷ் ஒருவர்தான், அதனால்தான் அவர் மேல் இவ்வளவு கோபமோ என்று சில சமயம் தோன்றும்.

அப்படியானால் தப்பு எங்கே

கேள்வி இரண்டு. ஸ்னெல் போதுமா என்பது ஒன்று. அவருக்குப் பதிலாக வருபவர் இன்றைக்கு, இந்த நிமிடத்தில், இந்த மூன்று பேட்ஸ்மேன்களுக்கு எதிராக ஸ்னெல்லைவிட மேலா என்பது இன்னொன்று. ரேஸ் முதல் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு இரண்டாவதற்கும் அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டது. என் வாதம் முழுக்க இதில்தான் நிற்கிறது.

ஆண்டர்சனைக் கொஞ்சம் பார்ப்போம். சாதாரண சீசனில் அவருடைய ஈ.ஆர்.ஏ. 0.55. ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு ரன்கூட முழுசாக இல்லை. எந்த அணியும் வாங்கத் துடிக்கும் ஆள். ஆனால் அது வெறும் பதினாறு சொச்சம் இன்னிங்ஸ், அதுவும் ஆகஸ்டில் முன்கை வலியோடு கொஞ்ச நாள் வெளியே உட்கார்ந்தவர். அக்டோபர் வந்தது, அடிக்கடி கூப்பிட்டார்கள், பெரும்பாலும் ஒரு இன்னிங்ஸுக்கு மேல். ஆறாவது ஆட்டத்துக்கு முன் கடைசியாக வந்த ஆறு முறையும் ரன் கொடுத்திருந்தார். ஆறு முறையும்! அன்றோடு ஏழு. பிளேஆஃப்ஸில் ஒரு ரிலீவர் தொடர்ச்சியாக ஏழு முறை ரன் கொடுத்தது அதற்கு முன் நடந்ததே இல்லை. அடுத்த மார்ச்சில் அவருடைய முழங்கைத் தசைநாரில் பகுதிக் கிழிசல் இருப்பது தெரியவந்தது. கேஷின் கையிலிருந்த தாளில் ஆண்டர்சன் 0.55 என்று எழுதியிருந்திருக்கும். பந்து எறியும் மேட்டில் ஏறி நின்றது அந்த ஆள் இல்லை.

கை விஷயமும் இருக்கிறது. ஸ்னெல் இடதுகை, ஆண்டர்சன் வலதுகை. வலதுகை பேட்ஸ்மேனுக்கு வலதுகை பிட்சர் என்பது பாலபாடம், ஆனால் முக்கி பெட்ஸ் அந்த வருஷம் தலைகீழ். இடதுகை பிட்சர்களிடம் திணறினார், வலதுகை கிடைத்தால் வெளுத்தார். குறுகிய சீசன் என்பதால் அந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் குறைந்தபட்சம் பெட்ஸுக்கு எதிராக வலதுகையால் பெரிய லாபம் இல்லை என்பதையாவது அது சொல்கிறது. அடுத்து நின்ற சீகர் இடதுகை பேட்ஸ்மேன், அவருக்கு இடதுகைப் பிட்சர்தான் தலைவலி. அந்த வருஷம்தான் புது விதி வந்திருந்தது: உள்ளே வரும் ரிலீவர் குறைந்தது மூன்று பேரைச் சந்திக்க வேண்டும், அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ஆக, ஆண்டர்சனைக் கொண்டுவந்தால் பெட்ஸோடு சேர்த்து சீகரும் அவர் பொறுப்பு. பெட்ஸுக்கு மட்டும் ஒரு ஆள் என்ற பழைய தந்திரமெல்லாம் கிடையாது. ஃபேர்பேங்க்ஸ் இருந்தார், பின்னால் வரத்தான் செய்தார். பெட்ஸை ஸ்னெல்லிடமே விட்டுவிட்டு அதற்குப் பிறகு யோசித்திருக்கலாம். என்னைக் கேட்டால் அதைத்தான் செய்திருப்பேன், ஆனால் நான் சோபாவில் உட்கார்ந்திருந்தவன்.

இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், அதைக் கேட்டால் "பிட்சரை எடுக்கவே கூடாது" கட்சிக்குக் கோபம் வரும். அன்று ஜெயித்த டாட்ஜர்ஸ் தன் ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) டோனி கான்சொலினை இரண்டாவது இன்னிங்ஸிலேயே எடுத்துவிட்டது. மீதி ஏழு இன்னிங்ஸுக்கும் மேல் ஆறு ரிலீவர்கள் சேர்ந்து எறிந்தார்கள், ஒரு ரன்கூடப் போகவில்லை. ரேஸ் கண்டுபிடித்த ஆட்டத்தை ரேஸுக்கு எதிராகவே ஆடி ஜெயித்தார்கள். ஆனால் ராபர்ட்ஸ் அன்று ஒரு விஷயத்தில் தாளை மூடிவைத்தார். ஏழாவதில் வந்த ஹூலியோ உரியாஸ் நன்றாக எறிகிறார் என்று பட்டதும், வழக்கமான கடைசி ஆள் கென்லி ஜான்சனைக் கூப்பிடாமல், கடைசி ஏழு அவுட்டையும் உரியாஸிடமே விட்டார். ஏழு பேர் வந்தார்கள், ஏழு பேரும் போனார்கள். புல்பென் ஆட்டம் என்பதும் கடைசியில் யாருடைய கை இன்றைக்கு நல்ல கை என்று பார்ப்பதில்தான் வந்து நிற்கிறது.

பணத்தைப் பேசாமல் இந்தக் கதை முடியாது

அறுபது ஆட்டத்துக்குக் குறைத்த கணக்கில் அந்த வருஷம் ரேஸின் சம்பளப் பட்டியல் சுமார் 2.8 கோடி டாலர், 30 அணிகளில் கடைசி மூன்றுக்குள். டாட்ஜர்ஸ் சுமார் 10.8 கோடி, முதல் வரிசை. ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே பை, அதற்கு மேல் செலவழிக்க முடியாது. மேஜர் லீக் பேஸ்பாலில் அப்படி ஒரு கூரை கிடையாது, ஒரு எல்லைக்கு மேல் போனால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு வகைக் கூரை உண்டு. பேஸ்பாலில் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தை எல்லா அணிகளும் பொதுவில் போட்டுப் பகிர்ந்துகொள்கின்றன, அதிலிருந்துதான் ரேஸ் மாதிரி அணிகள் மூச்சு விடுகின்றன. டாட்ஜர்ஸ் 2013-இல் கையெழுத்திட்ட உள்ளூர் டிவி ஒப்பந்தம் 25 வருஷத்துக்கு 835 கோடி டாலர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் டிராப்பிகானா ஃபீல்டில், பாலம் தாண்டி யாரும் வராத ஒரு கூரைபோட்ட மைதானத்தில் ஆடும் அணிக்கு இதெல்லாம் கனவில்கூட வராது.

மூன்றாவது முறை சுற்றி வரும் பேட்ஸ்மேன்களையும் சமாளிக்கும் பிட்சர் என்பவர் ரொம்ப விலை உயர்ந்த சரக்கு. அவரை வாங்க முடியாத அணி என்ன செய்யும்? இரண்டு சுற்றுக்கு மட்டும் நல்லவர்களைத் தேடும், மீதியை யாருக்கும் தெரியாத ரிலீவர்களை வைத்து நிரப்பும். 2018 மே மாதம் செர்ஹியோ ரோமோ என்ற ரிலீவரை முதல் இன்னிங்ஸுக்கு மட்டும் இறக்கி 'ஓப்பனர்' என்ற வித்தையைப் பிரபலமாக்கியதும் இதே ரேஸ்தான். ஆண்டர்சன் அங்கீகாரமில்லாத சிறு லீக்குகளில் உருண்டு புரண்டு 28 வயதில் முதல் மேஜர் லீக் ஆட்டம் ஆடியவர், சம்பளம் ஏறக்குறைய குறைந்தபட்சம். ஸ்னெல்லை 73 பந்தில் எடுத்த கை கேஷினுடையது. ஆனால் அந்தக் கையைப் பழக்கியது பத்து வருஷத்துப் பற்றாக்குறை. சீசன் முழுக்க நூற்றுக்கணக்கான சின்ன லாபங்களைச் சேர்த்து ஜெயிக்கிற வழி அது. சீசனில் ஒரு ரிலீவர் களைத்தால் நாலு நாள் உட்கார வைக்கலாம். உலகத் தொடரில் உட்கார வைக்க நாள் இல்லை.

ஸ்னெல்லுக்கே பணத்தோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. 2018-இல் 21 வெற்றி, 1.89 ஈ.ஆர்.ஏ., சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. அடுத்த வருஷம் ரேஸ் தன் சம்பள விதிப்படி கொடுத்த உயர்வு 15,500 டாலர். தலையில் தட்டி மிட்டாய் கொடுத்த மாதிரி. சில வாரங்களிலேயே ஐந்து வருஷத்துக்கு ஐந்து கோடி டாலர் ஒப்பந்தம் போட்டுச் சமாதானமானார்கள். உலகத் தொடர் முடிந்த சில நாளில், ஏழாவது ஆட்டம் நடந்திருந்தால் எறிந்திருக்க வேண்டிய மார்ட்டனின் 1.5 கோடி ஒப்பந்தத்தை ரேஸ் நீட்டிக்கவில்லை. அந்த டிசம்பரில் ஸ்னெல்லை சான் டியாகோவுக்கு அனுப்பிவிட்டது. இடையில் கேஷுக்கு அமெரிக்கன் லீக்கின் சிறந்த மேனேஜர் விருது கிடைத்தது. அதற்கான ஓட்டு பிளேஆஃப்ஸுக்கு முன்பே போட்டாகிவிடும், ஆனாலும் சிரிப்பு வரத்தானே செய்யும்.

ஆனால் "ஏழை கணக்குப் போட்டான், பணக்காரன் ஜெயித்தான்" என்று முடித்தால் அதுவும் பாதி உண்மைதான். டாட்ஜர்ஸை நடத்தும் ஆண்ட்ரூ ஃபிரீட்மன் 2014 வரை ரேஸை நடத்தியவர். பெட்ஸை 2020 பிப்ரவரியில் டாட்ஜர்ஸுக்கு விட்டுக்கொடுத்தது பாஸ்டன், அங்கே அப்போது பொறுப்பில் இருந்த கைம் ப்ளூமும் ரேஸிலிருந்து போனவர். பாஸ்டன் ஒன்றும் ஏழை அணி இல்லை, வரி எல்லைக்குக் கீழே வர வேண்டும் என்று முடிவெடுத்த பணக்கார அணி. அந்த பெட்ஸுக்கு ஜூலையில் டாட்ஜர்ஸ் 12 வருஷத்துக்கு 36.5 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. ஆக, அந்த டபுளை அடித்தவர் அங்கே நின்றதற்கு ரேஸ் பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பேர் காரணம். ஒருவர் அந்தப் படிப்பைப் பணத்தோடு சேர்த்தார், இன்னொருவருக்கு இருந்த பணத்தைச் செலவழிக்க அனுமதி இல்லை.

ஸ்னெல் பெரிய பிட்சரா?

இது தனிச் சண்டை, ரசிகர்கள் இதில்தான் உண்மையாகவே குடுமியைப் பிடிக்கிறார்கள். பழைய ஆட்களுக்குப் பெரிய பிட்சர் என்றால் 1968-இல் 1.12 ஈ.ஆர்.ஏ.வோடு 28 ஆட்டங்களைத் தனியாளாக முடித்த பாப் கிப்சன், 1991 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் பத்து இன்னிங்ஸ் எறிந்த ஜாக் மோரிஸ். இப்போது முப்பது அணிகளும் சேர்ந்து ஒரு சீசனில் முடிக்கும் ஆட்டங்களே கிப்சன் ஒருவர் முடித்த அளவுக்குத்தான் வருகின்றன. ஸ்னெல்லின் கணக்கு விசித்திரமானது. 2023-இல் சான் டியாகோவில் 2.25 ஈ.ஆர்.ஏ., இரண்டாவது சை யங். இரண்டு லீக்கிலும் அந்த விருதை வாங்கியவர்கள் வரலாற்றில் ஏழே பேர், ராண்டி ஜான்சன், பெட்ரோ, ஹாலடே போன்றவர்களோடு இவர் ஏழாவது. அதே வருஷம் 99 வாக் கொடுத்து அதிலும் முதலிடம். இரண்டு சை யங் வாங்கிய ஒருவர், 2024 ஆகஸ்ட் 2 வரை மேஜர் லீக்கில் ஒரு ஆட்டத்தைக்கூடத் தனியாக முடித்ததில்லை. அன்று சான் பிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸுக்காக சின்சினாட்டியில் முடித்தார். 114 பந்து, ஒரு ஹிட்கூட விடவில்லை. முடித்த முதல் ஆட்டமே நோ-ஹிட்டர்!

எனக்கு இதில் ஒரு சார்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இன்னிங்ஸ் எண்ணிக்கையை வைத்துப் பெருமையை அளப்பது எனக்குப் பிடிக்கும். கேட்ஃபிஷ் ஹன்டர் மாதிரி வருஷத்துக்கு முந்நூறு இன்னிங்ஸ் எறிந்து முப்பத்து மூன்று வயதில் தோள் போய் ஓய்வுபெற்ற கதைகளும் தெரியும் என்பதால் வாயை அடக்கிக்கொள்வேன். ஆனால் ஸ்னெல் ஆறாவது இன்னிங்ஸுக்கு மேல் போக முடியாதவர் என்பதை எந்த அளவுக்கு அவருடைய உடம்பு தீர்மானித்தது, எந்த அளவுக்கு அவரை அப்படியே வளர்த்த அணி தீர்மானித்தது? சந்தித்தே இல்லாத மூன்றாவது சுற்றில் ஒருவர் எப்படித் தேறுவார்?

2024 நவம்பரில் அவரை வாங்கியது, எதிரில் நின்று நிம்மதிப் பெருமூச்சு விட்ட அதே டாட்ஜர்ஸ். ஐந்து வருஷம், 18.2 கோடி டாலர். அதே டாட்ஜர்ஸ் கடைசி இன்னிங்ஸுக்கென்று டேனர் ஸ்காட்டுக்கு நான்கு வருஷத்துக்கு 7.2 கோடி கொடுத்தது, அவர் 2025 முழுக்க அடிவாங்கினார். நல்ல ரிலீவரைப் பணம் கொடுத்தும் நிச்சயமாக வாங்கிவிட முடியாது, போன வருஷத்து ரிலீவரைத்தான் வாங்க முடியும். புல்பென்னை நம்ப முடியாத டாட்ஜர்ஸ், வேறு வழியில்லாமல், பழைய காலத்துக்குத் திரும்பி ஸ்டார்ட்டர்களை நீள விட்டது. அக்டோபர் 13, மில்வாக்கியில், நேஷனல் லீக் இறுதித் தொடரின் முதல் ஆட்டம்: ஸ்னெல் எட்டு இன்னிங்ஸ், 103 பந்து, ஒரே ஒரு ஹிட், அந்த ஆளும் பேஸில் அவுட்டானதால் மொத்தம் சந்தித்தது 24 பேர்தான். மூன்றாவது சுற்றைப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. ஒன்பதாவதுக்கு ராபர்ட்ஸ் ரோக்கி சசாக்கியைக் கொண்டுவந்தார், ஒரு ரன் போனது, பிளேக் ட்ரைனென் வந்த பிறகு பேஸ்களும் நிறைந்தன, கடைசியில் 2-1 என்று பிழைத்தார்கள். அன்று தோற்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு தலைப்பு வைத்திருப்பேன்.

உலகத் தொடரில் டொரான்டோவிடம் ஸ்னெல் இரண்டு ஆட்டம் தோற்றார், ஐந்தாவது ஆட்டத்தில் தொடக்கத்திலேயே இரண்டு பேர் அடுத்தடுத்து ஹோம் ரன் அடித்தார்கள். ஏழாவது ஆட்டம், 4-4, ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதி. புல்பென்னிலிருந்து எட்டாவதில் வந்திருந்த ஸ்னெல் மேட்டில் நிற்கிறார். ஒரு அவுட், பிறகு ஒரு சிங்கிள், ஒரு வாக். ராபர்ட்ஸ் படியேறி வந்தார். ஸ்னெல் பந்தைக் கொடுத்தார், இந்த முறை உதடு அசையவில்லை, அசைந்திருந்தாலும் நான் பார்க்கவில்லை. வந்தவர் யோஷினோபு யமமோட்டோ, 12 வருஷத்துக்கு 32.5 கோடி டாலர் பிட்சர். முந்தின இரவுதான் 96 பந்து எறிந்திருந்தார். ஆண்டர்சனைவிடக் களைத்த கை. முதல் ஆளின் மேல் பந்தை அடித்தார், பேஸ்கள் நிறைந்தன. அடுத்த ஆள் தரையில் உருட்டினார், இரண்டாவது பேஸ் பக்கம் நின்ற மிகேல் ரோஹாஸ் தடுமாறியபடியே எடுத்து ஹோமுக்கு எறிந்தார். 2020-இல் பெட்ஸ் சீகரின் மட்டைச் சத்தத்திலேயே பாய்ந்து ஜி-மான் சோயின் எறிதலை முந்தினார். மூன்றாவது பேஸை ஒட்டியே நின்றிருந்த டொரான்டோவின் ஐசாயா கைனர்-ஃபலேஃபா அரை அடியில் அவுட்.